குளிர்நாட்டில் கனியும் திராட்சை

திராட்சை வெயிலை நாடும் கொடியாகும். ஆயினும் ஜெர்மனியில், ஏறக்குறைய 50 பாகை வட அட்சரேகையில், மோசல் ஆற்றங்கரையில், ரோமானியர் காலந்தொட்டு அது பயிராகி வருகிறது. குளிர் மிகுந்த அவ்விடத்தில் கனி பழுப்பது எங்ஙனம்?

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நிலத்தின் சரிவு. வானில் தாழ்ந்து செல்லும் கதிரவனின் ஒளி, தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளில் நேராக விழுகிறது. பிரெம் என்னும் ஊரையடுத்த கால்மோன்ட் சரிவு, சில இடங்களில் 60 பாகைக்கும் மேல் சாய்ந்துள்ளது. இரண்டாவது, நிலத்தை மூடியிருக்கும் சிலேட்டுக் கல். அது பகலில் வெப்பத்தை ஏற்று, இரவில் மெல்ல வெளிவிடுகிறது. மூன்றாவது, ஆறு. அதன் நீர் ஒளியைப் பிரதிபலிப்பதோடு, உறைபனியின் கடுமையையும் தணிக்கிறது.

1787ஆம் ஆண்டில் டிரியரை ஆண்ட பேராயர் கிளெமன்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளை அகற்றி நல்ல வகைகளை நடுமாறு ஆணையிட்டார். அதன்பின் ரீஸ்லிங் என்னும் வகை அங்குப் பரவலாயிற்று. இது மெதுவாகப் பழுப்பதால் நறுமணம் மிகும். குளிர்ந்த இரவுகளால் புளிப்பும் குன்றாது. ஆல்கஹால் குறைந்த, புளிப்பும் இனிப்பும் ஒத்த மதுவுக்கு இப்பகுதி பெயர் பெற்றது இதனாலேயே.

அண்மை ஆண்டுகளில் புவி வெப்பமடைந்து வருவதால் அறுவடைக் காலம் முந்துகிறது. கனியில் சர்க்கரை ஏறி, அமிலம் குறைகிறது. செங்குத்துச் சரிவுகளில் பெரும்பாலான வேலைகளைக் கையாலேயே செய்ய வேண்டியிருப்பதால், ஆள் கிடைக்காமல் பல தோட்டங்கள் கைவிடப்பட்டுள்ளன. மறுபுறம், மோசலில் கலக்கும் சார் ஆற்றின் குளிர்ந்த பள்ளத்தாக்கில், முன்பு பல ஆண்டுகளில் பழுக்காது நின்ற திராட்சை இப்பொழுது தவறாது பழுக்கிறது. வெப்பத்தைத் தேடிச் சரிவேறிய குடியானவர், இனிக் குளிர்ச்சியைக் காக்கும் வழிகளையும் ஆராய வேண்டியவராயினர்.