மீன்பிடித் தடைக்காலத்தில் படகு மின்கலப் பராமரிப்பு

மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் நிற்கும் விசைப்படகுகளின் மின்கலங்களைக் கெடாமல் காப்பது கடற்கரை ஊர்களில் ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலைகளுள் ஒன்று. பேச்சு வழக்கில் பேட்டரி எனப்படும் ஈய-அமில மின்கலம், பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போதும் தன் மின்னேற்றத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் அது மீண்டும் பயன்படாத நிலைக்குப் போய்விடக்கூடும். காரைக்கால் மாவட்டத்தின் திருவேட்டக்குடி போன்ற கடலோர ஊர்களில் கோடை வெப்பமும் உப்புக் காற்றும் சேர்ந்து இந்த இழப்பை விரைவுபடுத்துகின்றன.

தடைக்காலமும் இடமும்

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. தமிழ்நாட்டில் 2001இல் தொடங்கியபோது இத்தடை 45 நாட்களாக இருந்தது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அதே ஒன்றியப் பகுதியின் மாகே மேற்குக் கடற்கரையில் இருப்பதால் அங்கே தடைக்காலம் ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறது.

சம்பந்தர் பாடிய தலமான திருவேட்டக்குடி, காரைக்கால் நகருக்கு வடக்கே உள்ளது. புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இவ்வூரில்தான் இயங்குகிறது. மாவட்டத்தின் மீன்பிடித் துறைமுகம் அரசலாற்று முகத்துவாரத்தில் அமைந்துள்ளது. தடைக்காலத்தில் படகுகளுக்கு வண்ணம் பூசுவதும், பலகை மாற்றுவதும், இயந்திரம் பிரித்துப் பார்ப்பதும், வலை பின்னுவதும் நடக்கும். கண்ணுக்குத் தெரியும் பழுது எதுவும் இல்லாததால் மின்கலம் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

மின்கலம் கெட்டால் நேர்வது

விசைப்படகின் டீசல் இயந்திரத்தைக் கையால் சுற்றிக் கிளப்ப முடியாது. அதைக் கிளப்பும் மோட்டாருக்கும், திசைகாட்டும் ஜி.பி.எஸ். கருவிக்கும், வயர்லெஸ்ஸுக்கும், இரவில் எரியும் விளக்குகளுக்கும் மின்கலமே ஆதாரம். கைப்பேசி அலை எட்டாத தூரத்தில் இயந்திரம் நின்று, மீண்டும் கிளம்பாவிட்டால் படகு நீரோட்டத்தின் போக்கில் போகும். கோடியக்கரைக்குத் தெற்கே மீன்பிடிக்கும்போது இது நேர்ந்தால் படகு சர்வதேசக் கடல் எல்லையைத் தாண்டிவிடவும் கூடும். வயர்லெஸ்ஸும் அதே மின்கலத்தில் இயங்கினால் உதவி கேட்கவும் வழியிருக்காது.

இழப்பு நிகழும் விதம்

12 வோல்ட் மின்கலம் ஒன்றில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருகிறது. அறைக்குள் ஈயத் தகடுகளும் ஈய டை ஆக்சைடு தகடுகளும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய இந்த அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை.

மின்சாரம் எடுக்கப்படும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்தால் சல்பேட் கரைந்து பழைய நிலை திரும்புகிறது. வெளியே எதையும் இணைக்காவிட்டாலும் தகடுகளுக்கும் அமிலத்துக்கும் இடையே இதே வேதிவினை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். புதிதாகப் படிந்த சல்பேட் நுண்ணிய படிகங்களாக இருப்பதால் எளிதில் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அவை பெரிய, கடினமான படிகங்களாகின்றன. பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அவை முழுதாகக் கரைவதில்லை. மின்கலம் செத்துவிட்டது என்று சொல்லப்படும் நிலைக்கு முதன்மையான காரணங்களுள் இது ஒன்று.

வெப்பநிலை 10 செல்சியஸ் பாகை உயர்ந்தால் தானாக மின்னிழக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். தடைக்காலத்தின் நடுவில்தான் அக்கினி நட்சத்திரம் வருகிறது. அப்போது வெயிலில் நிற்கும் படகின் மூடிய இயந்திர அறையில் இருக்கும் மின்கலம், நிழலான அறையில் இருப்பதைவிட மிக விரைவில் வலுவிழக்கிறது. மேல்மூடியில் படியும் உப்பும் ஈரமும் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு மின்கசிவுப் பாதையையும் உண்டாக்குகின்றன.

கழற்றாத கம்பி இன்னொரு வழியில் மின்னேற்றத்தைத் தின்னும். அணைத்துவைத்த கருவி ஒன்று 20 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுப்பதாகக் கொண்டாலும், 61 நாட்களில் ஏறக்குறைய 29 ஆம்பியர் மணி செலவாகும். 100 ஆம்பியர் மணி மின்கலத்தில் இது பத்தில் மூன்று பங்கு.

கழற்றி வைக்கும் முறை

1. முதலில் மின்கலத்தை முழுமையாக மின்னேற்றவேண்டும். திறன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 100 ஆம்பியர் மணி மின்கலத்துக்கு 10 ஆம்பியர்.
2. கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலில் எடுக்கவேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டவேண்டும். முறை மாறினால் நேர்முனையில் இருக்கும் ஸ்பேனர் இயந்திரத்தின் உலோகப் பகுதியில் பட்டுப் பெருந்தீப்பொறி எழும்.
3. முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவை ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவி, நல்ல நீரால் துடைத்து, உலரவிட்டு, வாசலின் தடவவேண்டும். சோடா நீர் அறைகளுக்குள் போகாதபடி மூடிகள் இறுகியிருப்பது அவசியம்.
4. மின்கலத்தைக் காற்றோட்டமுள்ள, நிழலான இடத்தில் நிமிர்த்தி வைக்கவேண்டும்.

தண்ணீரிலேயே நிற்கும் படகில் கசிநீரை இறைக்கும் மின்பம்பு தானாக ஓடுவதாக இருந்தால், அதற்குரிய மின்கலத்தைக் கழற்றக்கூடாது. அதை மட்டும் படகிலேயே விட்டு, அடிக்கடி மின்னேற்றவேண்டும்.

இடையில் சோதித்தல்

தடைக்காலத்தில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பது நல்லது. மின்னேற்றிய உடனே அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சில மணி நேரம் விட்டு அளக்கவேண்டும். சாதாரண 12 வோல்ட் மின்கலத்தில் 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் முழு ஏற்றம். 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி; 12.0 கால் பங்கு. 12.4க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் மின்னேற்றவேண்டும்.

மூடி திறக்கும் வகையில் ஒவ்வோர் அறையின் நீர்மட்டத்தையும் பார்க்கவேண்டும். குறைந்திருந்தால் வடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலம் சேர்ப்பதும் தவறு. ஆவியாகிக் குறைவது நீரே தவிர அமிலம் அன்று. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு ஊற்றி, மின்னேற்றிய பிறகு மீதியை நிரப்பலாம்.

மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி, பற்றவைப்பு வேலை எதுவும் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும்.

பனி நாடுகளில்

கனடா போன்ற நாடுகளில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகள் கோடை முழுவதும் நிறுத்திவைக்கப்படுகின்றன. அவற்றின் மின்கலங்களுக்கும் முழு ஏற்றம், கம்பி கழற்றல், இடைச்சோதனை என்ற இதே மூன்று விதிகள்தாம். அங்கே குளிர்காலத்தில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. மின்னிழந்த மின்கலத்தின் நீர்த்த அமிலம் உறைந்து விரிந்து பெட்டியைப் பிளந்துவிடும். காரைக்காலில் அந்த அச்சம் இல்லை, வெப்பம்தான் பகை.

தவறான நம்பிக்கைகள்

சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளில் அப்படி நேர்வதில்லை. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓட்டினால் போதும் என்பதும் சரியன்று. அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டர் தரும் மின்னேற்றம் சொற்பம். சாதாரண சார்ஜரை இரண்டு மாதமும் மாட்டியே வைத்தால் நீர் வற்றித் தகடுகள் அரிக்கப்படும். நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜரை மட்டுமே அப்படி விடலாம்.

மீண்டும் கடலுக்கு

தடை முடிவதற்குச் சில நாட்கள் முன்பே மின்கலத்தை முழுதாக ஏற்றி, ஓர் இரவு விட்டு அளக்கவேண்டும். பிறகு படகில் மாட்டி இயந்திரத்தைக் கிளப்பும்போது, மோட்டார் சுற்றும் நேரத்தில் அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்கலத்தையும் கம்பி இணைப்புகளையும் ஐயுறவேண்டும். 24 வோல்ட்டுக்காக இரண்டு மின்கலங்களைத் தொடராக இணைத்திருந்தால் இரண்டையும் தனித்தனியே அளக்கவேண்டும். ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாக இணைப்பது இரண்டையும் கெடுக்கும். விடுமுறையில் நிறுத்திவைக்கும் இருசக்கர வண்டிகளின் ஈய-அமில மின்கலங்களுக்கும் இந்த முறைகள் பொருந்தும். வண்டியின் குறையைத் தெருவில் தள்ளிக்கொண்டு போய்ச் சரிசெய்யலாம். படகின் குறையைக் கரையில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடவேண்டும்.