செவியின் அளவுகோல்

இரவு உணவு முடிந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்த குடும்பத்தினர், கதாநாயகி தழுதழுத்த குரலில் தன் தாயிடம் சொல்லும் வார்த்தைகள் காதில் விழாமல் ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டுவதும், மறுகணமே விளம்பரம் குறுக்கிட்டு வீடே அதிரும்படி முழங்க, தூளியில் உறங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்ற பதற்றத்தில் அதைக் குறைப்பதும் நாள்தோறும் நடக்கிற காரியங்கள். வீட்டில் மட்டுமா? ஒரே பாட்டு கைப்பேசியில் மெலிந்தும், காரில் முழங்கியும், இயர்போனில் செவியைக் குத்தியும் ஒலிக்கிறது. சப்தத்தை அனுப்புகிறவர்களுக்கும் அதைக் கேட்கிறவர்களுக்கும் பொதுவான பிரமாணம் ஒன்று நெடுங்காலம் இல்லாமற்போனதே இத்தொல்லைக்கு மூலகாரணம்.

பிரமாணம் எளிதில் அமையாததற்கும் காரணம் உண்டு. ஒலிபரப்பு நிலையங்களில் வழக்கமாயிருந்த கருவிகள் பல, ஒலி அலையின் உச்சி எவ்வளவு உயரம் எழுகிறது என்பதையே பெரிதும் கவனித்தன. செவியோ உச்சியைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாமல், சப்தம் எவ்வளவு நேரம் எவ்வளவு சக்தியோடு நிலைத்து நிற்கிறது என்பதையும், அது கீழ்ஸ்தாயியில் ஒலிக்கிறதா மேல்ஸ்தாயியில் ஒலிக்கிறதா என்பதையும் சேர்த்தே உரப்பை நிர்ணயிக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் இந்த ஸ்தாயி வேறுபாட்டை முறையாக அளந்து வெளியிட்டார்கள். நடுத்தரமான 1000 ஹெர்ட்ஸ் நாதம் ஒன்று 40 டெசிபலில் மெல்லக் கேட்கிறதென்றால், 100 ஹெர்ட்ஸில் உள்ள கனத்த நாதம் அதே உரப்போடு செவிக்குத் தோன்ற, அதற்கு மேலும் இருபது டெசிபலுக்கு அதிகமாகக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒலியைக் குறைக்கும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. அடிநாதமே முதலில் செவியை விட்டு நீங்குகிறது. பழைய ஸ்டீரியோ பெட்டிகளில் ‘லௌட்னஸ்’ என்று எழுதிய பொத்தான் ஒன்று இருந்ததே, அது இந்தக் குறையை ஈடுசெய்து, மெல்லக் கேட்கும் வேளையில் அடிநாதத்தை உயர்த்திக் கொடுப்பதற்காக வைத்தது.

உச்சியை மட்டும் பார்க்கிற கருவியை ஏமாற்றுவது சுலபம். ‘கம்ப்ரஷன்’ என்னும் உபாயத்தால் உரத்த பகுதிகளை அமுக்கி, மெல்லிய பகுதிகளை அவற்றின் அருகே ஏற்றிவிட்டால், உச்சி வரம்பை மீறாமலேயே முழுதும் முழக்கமாகிவிடுகிறது. விளம்பரக்காரர்கள் கைக்கொண்ட இந்த வழியில் இசைத்தட்டுக் கம்பெனிகளும் இறங்கின. 2008-இல் ‘மெட்டாலிக்கா’ குழுவினர் வெளியிட்ட ‘டெத் மேக்னடிக்’ என்ற தொகுப்பு அளவு மீறி நசுக்கப்பட்டிருப்பதாகவும், அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டுக்காக வெளியான வடிவத்தில் தெளிவாக ஒலிப்பதாகவும் ரசிகர்களே முறையிட்டார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. சன்னமாகத் தொடங்கிப் படிப்படியாக விரிகிற ஆலாபனையில், அந்தச் சன்னத்தையும் விரிவையும் ஒரே மட்டமாக்கிவிட்டால், ஸ்வரங்கள் எஞ்சுமேயன்றி ராகத்தின் ஜீவன் எஞ்சாது.

இதற்குப் பரிகாரம் கனடாவில் நடந்த ஒரு பொறுமையான பரிசோதனையிலிருந்து வந்தது. ஒட்டாவாவில் கில்பர்ட் சூலோட்ரே என்ற ஆராய்ச்சியாளர், பேச்சு, இசை, நாடகம் எனப் பலவகைத் துணுக்குகளை மனிதர்களைக் கேட்கச் செய்து, ஒரு குறிப்பிட்ட துணுக்கின் உரப்புக்கு இணையாகத் தோன்றும்வரை மற்றவற்றைக் கூட்டியும் குறைத்தும் வைக்கச் சொன்னார். அந்த மனிதத் தீர்ப்புகளோடு பல அளவுமுறைகளை ஒப்பிட்டபோது, சிக்கலான முறைகளுக்குச் சற்றும் குறையாமல் மிக எளிய முறையொன்று பொருந்தி நின்றது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் அதைத் தரமாக வெளியிட்டது. ஒலியை முதலில் செவியைப் போன்ற ஒரு வடிகட்டியில் செலுத்தி, அடிநாதத்தைக் குறைத்து, ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை நாலு டெசிபல் அளவு உயர்த்தி, அதன்பின் சராசரி சக்தியைக் கணக்கிடுகிறார்கள். வாசலில் உலர்த்திய நெல்லை அளக்குமுன் பதரைத் தூற்றிவிடுவதுபோல், நிகழ்ச்சியை 400 மில்லிவினாடித் துண்டுகளாக்கி, நிசப்தமான துண்டுகளையும், எஞ்சியவற்றின் சராசரிக்குப் பத்து அலகு கீழே கிடக்கிற துண்டுகளையும் நீக்கிவிடுவது 2011-இல் சேர்ந்த திருத்தம். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால், நீண்ட மௌனங்கள் நிறைந்த நாடகத்தின் சராசரி வீணாகத் தாழ்ந்து, அதை ஈடுகட்டப் புகுந்தவர்கள் வசனத்தைக் கத்தலாக்கியிருப்பார்கள்.

ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல், உச்ச வரம்பைப் பூஜ்யமாகக் கொண்டு கீழ்நோக்கி எண்ணும் இந்த அளவுகோலில் மைனஸ் 23 என்ற இலக்கை வகுத்தது. அமெரிக்கர் மைனஸ் 24-ஐ ஏற்றார்கள். விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரத்து ஒலிக்கலாகாது என்று அங்கே இயற்றிய சட்டம் 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற இசைச் சேவைகளும் எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14-ஐ ஒட்டிச் சமன்செய்தே வழங்குகின்றன. நசுக்கி மைனஸ் 8-க்கு ஏற்றிய பாடலை அந்தச் சேவை ஆறு அலகு இறக்கிவிடுவதால், முழங்கியவனுக்குக் கிடைத்த லாபம் போய், நசுக்கியதால் வந்த நஷ்டம் மட்டும் மிஞ்சுகிறது. உரக்கக் கத்துவதால் பயனில்லை என்ற நிலையை உண்டாக்கியதே இந்தப் பிரமாணம் செய்த மகத்தான உபகாரம் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் அனுப்புகிற இடத்தில் சமப்படுத்தியது சேருமிடத்திலும் சமமாக இருக்குமென்று உறுதியில்லை. கைப்பேசியின் நகத்தளவு ஸ்பீக்கர் போதிய காற்றை அசைக்க இயலாததால், மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும். தொப்பியின் கும்காரம் மறைந்துவிடும். அதைத் தேடி ஒலியைக் கூட்டினால், வயலினின் மேல்ஸ்தாயிதான் செவியைத் தாக்குகிறது. சினிமாக் கொட்டகையில் நிலைமை வேறு. அங்கே ஒரு சோதனை இரைச்சலை ஒலிக்கச் செய்து, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் ரசிகர் அமரும் இடத்தில் 85 டெசிபல் தரும்படி திருத்தி வைப்பது முறை. அந்த அளவுக்கென்று கலந்த படத்தை நம் கூடத்தில் அப்படியே ஒலிக்க விட்டால் தாங்க முடியாது; தாங்குமளவு குறைத்தாலோ, மின்விசிறியின் இரைச்சலில் கிசுகிசுப்பெல்லாம் அமிழ்ந்துபோகிறது. தொலைக்காட்சிகளில் ‘நைட் மோட்’ என்றிருக்கும் வசதி, உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள தூரத்தைக் குறைத்து இதற்கு ஓரளவு உதவுகிறது. இரவில் அதைப் பயன்படுத்தலாம். பகலில் நல்ல சங்கீதம் கேட்கையில் நிறுத்திவிடுவதே நலம்.

வீட்டில் ஐந்தாறு ஸ்பீக்கர்களை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரைப்படத்தின் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே பிரித்து அனுப்பப்படுகிறது. நடு ஸ்பீக்கரே இல்லாத வீட்டில், அது இருப்பதாக ஆம்ப்ளிஃபையரின் அமைப்பில் குறித்திருந்தால், பின்னணி இசை முழங்க, பேச்சு மட்டும் மாயமாகிவிடும். இல்லையென்று குறித்தால், பேச்சு இருபுறமும் பகிர்ந்து ஒலிக்கும். நடு ஸ்பீக்கர் இருக்கிற வீட்டிலும், காது மந்தமான பெரியவர்கள் இருந்தால், மொத்த ஒலியைக் கூட்டி மற்றவர்களை வருத்தாமல், அந்த ஒன்றை மட்டும் மூன்று டெசிபல் உயர்த்தி வைக்கலாம்.