ஃபிரிட்ஜ் ஓடும், பேட்டரி விடியும்வரை தாங்குமா?

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் சக்கரம் வைத்த வீட்டில் ஊர் சுற்றுகிறவர்கள், முகாம்களில் இருக்கும் மின் இணைப்பில் வயரைச் செருகிவிட்டால் கவலை இல்லை. ஆனால் அரிசோனாவின் குவார்ட்ஸைட் மாதிரி பாலைவன அரசு நிலங்களில், மின்கம்பமே இல்லாத இடத்தில் நாள்கணக்கில் தங்குகிறவர்களும் நிறைய. இதற்கு ‘பூண்டாக்கிங்’ என்று பெயர். இப்படிப் புதிதாகக் கிளம்புகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி: “சாயங்காலம் பேட்டரி ஃபுல்லா இருந்துச்சு, காலைல ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு. பேட்டரி போயிடுச்சா?”

பெரும்பாலும் பேட்டரி மேல் தப்பு இருக்காது. 24 மணி நேரத்துக்கும் சேர்த்து யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜில் இருப்பது பாலும் தயிரும் மட்டும் என்றால் நஷ்டம் கொஞ்சம்தான். திறக்காத இன்சுலின் இருந்தால் அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தாக வேண்டும். பக்கத்து ஊர் 50 மைல் தள்ளி இருக்கும்போது அது விளையாட்டில்லை.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை?

ஆர்.வி.யில் பொதுவாக மூன்று வகை ஃபிரிட்ஜ் இருக்கும்.

ஒன்று, புரொபேன் வாயுவில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ். 1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் வைத்து, வெறும் சூட்டைக் கொண்டே குளிரை உண்டாக்குவது. உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது. திரவம் தன் எடையாலேயே கீழே இறங்கி ஓடுவதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும்.

இரண்டு, 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். புதிய வண்டிகளில் இப்போது இதுதான் அதிகம்.

மூன்று, வீட்டு ஃபிரிட்ஜையே வைத்து இன்வெர்ட்டர் மூலம் 120 வோல்ட்டில் ஓட்டுவது.

முதல் வகையில் ஒரு வேடிக்கை உண்டு. சிலிண்டர் நிறைய வாயு இருக்கும், ஆனாலும் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். தீயைப் பற்றவைத்து, வால்வைத் திறந்து பிடித்திருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். அது எடுப்பது கொஞ்சம்தான், ஆனால் அதுவும் இல்லையென்றால் வாயு இருந்தும் பயனில்லை. இதே ஃபிரிட்ஜை மின்சாரத்திலும் சூடேற்றலாம். அந்த ஹீட்டர் சுமார் 300 வாட் என்றால் 12 வோல்ட்டில் 25 ஆம்பியர். வண்டி ஓடும்போது என்ஜின் தருகிற மின்சாரத்துக்கு அது சரி. நிறுத்திய பிறகும் மறந்து அதிலேயே விட்டால் ஒரு சாதாரண பேட்டரி இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால் முதல் விதி இதுதான்: நின்றதும் வாயுவுக்கு மாற்றுங்கள்.

ஒரு நாள் கணக்கு

இனி கம்ப்ரஸர் வகையைப் பார்ப்போம். ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஓடாது, ஓடி ஓடி நிற்கும். மிதமான நாளில் 40 சதவீத நேரம் ஓடினால்:

5 × 24 × 0.4 = 48 ஆம்பியர் மணி.

வெயில் நாளில் அது 60 சதவீதமானால் 72.

இப்போது பேட்டரி. 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். ஆக கையில் இருப்பது 50. ஃபிரிட்ஜ் ஒன்றே ஒரு நாளில் அதைத் தின்றுவிடுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் அதே 100-க்கு 80, 90 வரை தைரியமாக எடுக்கலாம்.

மைக்ரோவேவ் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கிறது என்று பயப்படுகிறோம். ஐந்து நிமிடம் ஓடினால் அதன் செலவு 10 ஆம்பியர் மணிகூட வராது. 60 வாட் ஃபிரிட்ஜ் தூங்குவதே இல்லை. வாட்டை மட்டும் பார்த்து மணியை மறப்பதால்தான் கணக்கு தப்புகிறது. நம்ம ஊரில் வீட்டு இன்வெர்ட்டர் மாட்டும்போது எலக்ட்ரீஷியன் “ஃபிரிட்ஜை இதுல போடாதீங்க” என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம்.

கண்ணில் படாத செலவுகள்

கோடில் மெமரி லீக் தேடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்கும்.

*இன்வெர்ட்டர்:* 2000 வாட் இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே 20 வாட் போல எடுக்கும். 24 மணி நேரத்தில் 480 வாட் மணி, அதாவது சுமார் 40 ஆம்பியர் மணி. கிட்டத்தட்ட இன்னொரு ஃபிரிட்ஜ்! வீட்டு ஃபிரிட்ஜ் வைத்தவர்கள் இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் தேவையில்லாத நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்துவிடலாம்.

*சில்லறை:* வாயுக் கசிவு அலாரம், ரேடியோ, ஹீட்டர் போர்டு எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. ரேடியோவை ஃபியூஸ் எடுத்து நிறுத்தலாம். அலாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

*வயர்:* பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 4 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 8 மீட்டர். 16 கேஜ் செம்புக் கம்பியில் அது ஏறக்குறைய 0.1 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 10 கேஜ் போட்டால் இழப்பு 0.13 வோல்ட்டுக்கு இறங்கும். டான்ஃபாஸ் நிறுவனத்தில் தொடங்கி இன்று சீகாப் பெயரில் வரும் பி.டி. வகைக் கம்ப்ரஸர்களின் கட்டுப்பாட்டுப் பெட்டி, இயல்பு அமைப்பில் 10.4 வோல்ட்டில் நின்று, 11.7-க்கு ஏறினால்தான் மறுபடி கிளம்பும். மெல்லிய வயர் இருந்தால் பேட்டரியில் மிச்சம் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிடும். புது பேட்டரி வாங்கினாலும் இது தீராது.

வயர் நல்லதாக இருந்தால் ஆபத்து வேறு பக்கம். லெட்-ஆசிட் பேட்டரி 10.4-க்கு வரும்போது ஏறக்குறைய காலி. ஃபிரிட்ஜின் பாதுகாப்பு உங்கள் பேட்டரியைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரியும்?

லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் முழுசு, 12.1 என்றால் பாதி. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் இது பொருந்தாது. லித்தியத்தில் இன்னும் மோசம்: பெரும்பகுதி 13.2-ஐ ஒட்டியே நிற்கும், கடைசியில் திடீரென விழும். அதனால் ‘ஷண்ட்’ என்ற கருவியைப் பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் மாட்டுங்கள். உள்ளே போனது, வெளியே வந்தது இரண்டையும் எண்ணிக்கொண்டே இருக்கும். நான் சிபாரிசு செய்வது, பணம் செலவழிப்பதில் இதை முதலில் வையுங்கள் என்பதுதான்.

குளிரையும் சேமிக்கலாம்

30 டிகிரியில் இருக்கும் 6 லிட்டர் தண்ணீரை 4 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 180 வாட் மணி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். சின்னக் கம்ப்ரஸருக்கு அது ஏறக்குறைய 10 ஆம்பியர் மணி வேலை. எனவே கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜை ஓட்டி, குளிர்ந்த பொருட்களை மட்டும் உள்ளே வையுங்கள்.

மதியம் சோலார் உபரியாக இருக்கும்போது ஃபிரிட்ஜை இன்னும் குளிராக வைத்து, சாயங்காலம் பழைய அளவுக்கு மாற்றலாம். உள்ளே இருக்கும் தண்ணீர் பாட்டில்கள் இரவுச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கும். ஒரு எச்சரிக்கை: இன்சுலின் உறைந்தாலும் வீண். அதைக் குளிர்த் தகட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் வெயில் படாமல் வண்டியை நிறுத்துவதும், காற்றோட்டத் துளையை அடைக்காமல் இருப்பதும் காசில்லாத வைத்தியம்.

சூரியன் ஈடுகட்டுமா?

ஃபிரிட்ஜ் 48, சில்லறை 12, விளக்கும் தண்ணீர்ப் பம்பும் 5. மொத்தம் 65 ஆம்பியர் மணி, சுமார் 830 வாட் மணி. கூரையில் படுக்கையாக இருக்கும் 200 வாட் பேனல், 5 மணி நேர முழு வெயில், 30 சதவீதம் இழப்பு என்றால் 700 கிடைக்கும். தினமும் 130 குறைகிறது. பேட்டரியை இரட்டிப்பாக்கினால் காலியாகும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 300 வாட் பேனல் இருந்தால் 1050 வரும், கணக்கு நிற்கும்.

டிசம்பரில் அரிசோனாவிலேயே அந்த 5 மணி 3 ஆகிவிடும். குளிரில் ஃபிரிட்ஜ் குறைவாக ஓடும் என்பது உண்மை. ஆனால் வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறி ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். குளிர்காலத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாசலிலேயே ஒரு ஒத்திகை

எதுவும் வாங்குவதற்கு முன், வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் மின் இணைப்பைப் பிடுங்கி, பேனல் இருந்தால் அதையும் துண்டித்து, ஃபிரிட்ஜில் சாமான்களை வைத்து, 24 மணி நேரம் சாதாரணமாகப் பயன்படுத்திப் பாருங்கள். லெட்-ஆசிட் பாதிக்கு இறங்கினால் அங்கேயே நிறுத்தி, எத்தனை மணி தாங்கியது என்று குறித்து, அதை வைத்து ஒரு நாளுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். ஷண்ட் காட்டும் எண்தான் உங்கள் ஒரு நாள் செலவு. அதை 12.8-ஆல் பெருக்கினால் வாட் மணி. எத்தனை பேனல், எவ்வளவு பேட்டரி என்ற முடிவை அந்த எண்ணை வைத்து எடுங்கள். அங்கே தப்பினால் பால் மட்டும்தான் கெடும்.