தோட்டா வேறு, குண்டு வேறு

செய்தியறிக்கை எழுதும்போது மாணவர்கள் இந்த இரண்டு சொல்லையும் கலந்துடறாங்க. மலாயில் 'பெலுரு' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருவதும் ஒரு காரணம்.

குழலிலிருந்து பாய்வது குண்டு. குண்டு, வெடிமருந்து, உலோகக் கூடு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? .38 ஸ்பெஷல், .357 மேக்னம் தோட்டாக்களைப் பாருங்கள். பெயரில் எண் வேறு. குண்டின் விட்டமோ இரண்டிலும் சுமார் 0.357 அங்குலம். அப்போ மாற்றிப் போடலாமா? ஒரு வழியில்தான். .357 சுழல்துப்பாக்கி .38 ஸ்பெஷல் தோட்டாவை ஏற்கும்; .38 துப்பாக்கியில் .357 போடக்கூடாது. 1935-இல் வந்த மேக்னத்தின் அழுத்தம் மிக அதிகம். பழைய துப்பாக்கி சிதறிடக்கூடாதுன்னுதான் அதன் கூட்டையே சுமார் 3 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள்.

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டும் ஏறக்குறைய அதே விட்டம்தான். ஆனால் தோட்டாக் கூடு குட்டை. அடியில் துருத்தும் விளிம்பும் இல்லை. எனவே ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

ஆக, குண்டு ஒத்தாலும் தோட்டா ஒக்காது. 'கிள்ளானில் குண்டு கண்டெடுப்பு' என்று எழுதினால் வாசகர் வெடிகுண்டு என்றே பதறுவார். 'தோட்டா கண்டெடுப்பு' என்று எழுதுங்கள். உரிமமின்றித் தோட்டா மட்டும் வைத்திருப்பதும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமே.