தண்ணீரில் சிக்காத பாதரசம் மீனில் சிக்குகிறது

புது தில்லி: நீர் ஆய்வறிக்கையில் "பாதரசம் கண்டறியப்படவில்லை' என்று இருந்தால், பாதரசம் அறவே இல்லை என்று பொருளல்ல, ஆய்வகக் கருவிக்கு அது எட்டவில்லை என்பதே பொருள். அனல் மின் நிலையங்கள் நிறைந்த சிங்ரௌலி (மத்தியப் பிரதேசம்), சோன்பத்ரா (உத்தரப் பிரதேசம்) மாவட்ட மக்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்னையாகும்.

நிலக்கரியில் இயற்கையாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. நிலக்கரி எரியும்போது ஒரு பகுதி ஆவியாகிப் புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியது சாம்பலில் தங்குகிறது. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சோன்பத்ரா மக்களின் ரத்தத்தில் பாதரசத்தின் சராசரி அளவு 100 கோடியில் 34 பங்கு. அமெரிக்காவில் பாதுகாப்பானதாகக் கருதப்படும் அளவோ 5.8 பங்குதான்.

குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. இத்தனை நுண்ணிய அளவை அளக்கும்போது, பிழை பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, ஆற்றங்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. சாதாரண பிளாஸ்டிக் புட்டியில் அமிலம் சேர்க்காமல் நீரைப் பிடித்து வைத்தால், பாதரசத்தில் ஒரு பகுதி புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி ஆவியாகிவிடும். எனவே கண்ணாடி அல்லது டெஃப்லான் புட்டியில் சேகரித்து, உடனடியாக அமிலம் சேர்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் மாதிரியை அமிலத்துடனும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடனும் சேர்த்துச் சூடாக்குவர். பின்னர் ஸ்டேனஸ் குளோரைடு சேர்த்ததும், கரைந்திருந்த பாதரசம் உலோக நிலைக்குத் திரும்பி, சூடேற்றாமலேயே ஆவியாகக் கிளம்பும். 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை அந்த ஆவி எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதிலிருந்து அளவு கணக்கிடப்படுகிறது. இதற்குக் "குளிர் ஆவி முறை' என்று பெயர். இதனினும் நுட்பமான முறையில், ஆவியை முதலில் தங்கத்தின் மீது படியவைத்துத் திரட்டுகின்றனர். பாதரசம் தங்கத்தைக் கண்டால் விடாது என்பது நகைத் தொழிலாளர்கள் நெடுங்காலமாக அறிந்ததுதான்.

ஆனால், இம்முறைகள் மொத்தப் பாதரசத்தையே காட்டும். நீர்நிலைகளின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. கருவிலுள்ள சிசுவின் மூளையைப் பெரிதும் பாதிப்பது இதுவே. இதனைத் தனியே பிரித்து அளக்க குரோமட்டோகிராஃபி கருவி தேவை. நீரில் மிகச் சொற்பமாக உள்ள மெத்தில் பாதரசம், பெரிய மீன்களின் உடலில் பல லட்சம் மடங்கு சேர்ந்துவிடுகிறது. நீரை மட்டும் சோதித்துவிட்டு ஆபத்தில்லை என்று சான்றளிப்பது, ஆகவே, அரைகுறை ஆய்வே.

பெரிய அனல் மின் அலகுகளின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாதரசமே இருக்கலாம் என மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கைக்கு 2018-ல் இந்தியா ஒப்புதல் அளித்தது. இவை புகைபோக்கியையும் ஆலையையும் பற்றியவை. சோன்பத்ராவில் டோங்கியா ஓடைக்கு அருகே பிடிக்கப்பட்ட மீனிலோ, உணவு விதி அனுமதிக்கும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மெத்தில் பாதரசம் இருந்ததாக அதே 2012 ஆய்வு கூறியது.