முற்றத்துப் பள்ளி

ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல் என்பது பயனில்லாத முயற்சியைக் குறிக்கும் பழமொழியாக நம்மிடையே வழங்குகிறது. ஆயின், அங்ஙனம் தேடிப் பொருள் பெற்றார் ஒருவர் உண்டு என்று பெரியபுராணம் கூறும். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடைய விருத்தாசலத்தில் சுந்தரமூர்த்தி நாயனார் இறைவனைப் பாடி 12,000 பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்பது இறைவன் கட்டளை. நாயனார் பொன்னின் மாற்றை அறிதற்பொருட்டுச் சிறு துண்டு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, எஞ்சியதை ஆற்றில் இட்டார். திருவாரூரை அடைந்து குளத்தில் இறங்கித் தேடியபோது பொன் உடனே கிட்டவில்லை. உடன் வந்த பரவையார் நகைத்தார். பதிகம் பாடிய பின்பே பொன் வந்தது. அதனை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! மீண்டும் வேண்டிய பின்னரே மாற்று நிறைந்தது.

சிறு குழந்தைகளின் கல்வியைப் பற்றி எண்ணுந்தோறும் எனக்கு இக்கதை நினைவிற்கு வருவதுண்டு. மூன்று வயதில் இடுவது ஓரிடம். முப்பது வயதில் எடுப்பது வேறோரிடம். இடையே அப்பொன் எவ்வழியே சென்றது என்பதைக் கண்டார் இலர். ஆதலின், அஃது ஆற்றோடு போயிற்று என்றே பலரும் கருதிவிடுகின்றனர்.

அமெரிக்க நாட்டில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த இப்சிலாண்டி என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை அதற்குத் தெரிந்தெடுத்தனர். அவர்களுள் 58 பேர் மூன்று, நான்கு வயதுகளில் பெர்ரி என்னும் பள்ளியில் நல்ல பயிற்சி பெற்றனர்; ஆசிரியர் வாரந்தோறும் அவர்தம் இல்லங்களுக்கும் சென்று தாய்மாரோடு அளவளாவினர். ஏனைய 65 பேருக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. பயிற்சி பெற்றோர் முதலில் அறிவுத்தேர்வுகளில் முந்தி நின்றனர். தொடக்கப்பள்ளியில் சில ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வேற்றம் மறைந்துபோயிற்று. இதுவே பரவையார் நகைத்த இடம். ஆனால் ஆராய்ச்சியாளர் குளத்தைவிட்டுக் கரையேறவில்லை. நாற்பது வயது வரையில் அவர்களைத் தொடர்ந்து கண்டு விசாரித்தனர். உயர்நிலைக் கல்வியை முடித்தவர்கள் பயிற்சி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 65 பேர். மற்றப் பிரிவில் 45 பேர். தொழில் உடையோர் முன்னதில் மிகுதி. சிறை சென்றோர் குறைவு. இஃது ஒரு சிற்றூரில் நிகழ்ந்த சிறிய ஆராய்ச்சி. இதனைக் கொண்டு உலகனைத்தையும் அளந்துவிடல் ஆகாது. எனினும், குளத்தில் பொன் கிடைத்தது என்பதை மறுத்தற்கில்லை.

விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற ஊராகும். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் நிறுவனமும், சிறு கூடங்கள் பல நிறைந்த தொழிற்பேட்டையும் அங்கு உள்ளன. பொம்மை செய்யும் முறை காணத்தக்கது. வெண்களிமண்ணை நீரோடு கலந்து குழம்பாக்கிப் பாரிஸ் சாந்தினால் ஆகிய அச்சினுள் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்சும்; அதன் உட்சுவரை ஒட்டிக் களிமண் ஏடுபோலப் படியும். வேண்டிய தடிப்பு ஏறியதும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து ஊற்றிவிடுவர். சற்றே இறுகியதும் அச்சைப் பிரித்து, மூட்டுவாய்த் தழும்பைச் சுரண்டி, ஈரத்தால் துடைத்து, உலர்த்திச் சூளையில் இடுவர். தழும்பு சுரண்டுதல், துடைத்தல், வண்ணந் தீட்டுதல் ஆகியவை பொறுமையும் மெல்விரலும் வேண்டும் பணிகள்; பெண்கள் பலர் இவற்றைச் செய்வர்.

குழந்தையும் பச்சைக் களிமண் போன்றது, பிடித்தவாறு அமையும் என்று உவமை கூறுவார் உண்டு. அவ்வுவமை எனக்கு உடன்பாடு அன்று. அச்சில் வார்த்த நூறு பொம்மைகளும் ஒரே முகத்தோடு வெளிவரும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரேனும் அவ்வாறு இருப்பரோ? களிமண் தானாக எழுந்து நடப்பதில்லை. ஏன், எதற்கு என்று வினவுவதும் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வாரானை. மணலில் சிறுவீடு கட்டுவது சிற்றில். இவ்வாறு பருவந்தோறும் குழந்தை தானே செய்யும் செயலைக் கண்டு பெயரிட்டார்களேயன்றி, நாம் அதற்குச் செய்வதைக் கண்டு பெயரிட்டவை சிலவே.

பொம்மையைத் துடைக்கும் தாயின் குழந்தை அந்நேரத்தில் எங்கே இருக்கும்? இவ்வினா புதியதன்று. ஆலைகள் தோன்றிய அன்றே இதுவும் தோன்றியது. ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லனார்க் என்னும் ஊரில் பஞ்சாலை நடத்திய இராபர்ட் ஓவன் என்பார், 1816ஆம் ஆண்டு தம் தொழிலாளரின் மக்களுக்காகப் பள்ளி ஒன்றைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய குழந்தையும் அதிற் சேரலாம். ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளரும், மோலி யங் என்னும் பதினேழு வயது நங்கையும் அதன் முதல் ஆசிரியர் ஆயினர். குழந்தையை அடித்தல் ஆகாது, கடுஞ்சொல் கூறல் ஆகாது, நூல்களைக் காட்டித் தொல்லைப்படுத்தல் ஆகாது என்பவை ஓவன் அவர்களுக்கு இட்ட விதிகள். இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் தருவோரை நாம் காண்கிறோம்.

மாண்டிசோரி அம்மையாரின் முறையும் ஏழைத் தெருவிலேதான் பிறந்தது. ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் பெற்றோர் வேலைக்குச் சென்றுவிட, தனித்து விடப்பட்ட குழந்தைகள் புதிய குடியிருப்பின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களைக் காக்குமாறு கட்டட உரிமையாளர் வேண்ட, அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பின்னர், 1939இல் அவர் சென்னை அடையாற்றிற்கு வந்தார். போரின் காரணமாகத் தம் நாடு திரும்ப இயலாமல், கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றினார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவி அறிவது அவர் முறைகளுள் ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் செய்தது இதற்கு எவ்வகையில் தாழ்ந்தது? எழுத்து முதலில் விரலுக்குப் பிடிபட வேண்டும் என்பதை நம் முன்னோரும் உணர்ந்திருந்தனர். ஆயினும், அப்பள்ளிகளில் பிரம்பும் இருந்தது என்பதை மறைத்தல் தகாது.

இனி, அங்கன்வாடி என்னும் பெயரை நோக்குவோம். அங்கணம் என்பது முற்றம். தூய்மையற்ற முற்றத்தைக் குறிக்கத் திருவள்ளுவர் இச்சொல்லை ஆண்டுள்ளார். வாடி என்பது மராத்தி, குசராத்தி மொழிகளில் தோட்டத்தைக் குறிக்கும். முன்னாளில் வழங்கிய பால்வாடி என்னும் பெயரைக் கேட்டுப் பால் தரும் இடம் என்று பொருள் கொண்டோர் நம் நாட்டில் பலர். அங்குப் ‘பால்’ என்பது குழந்தை. முற்றத்திற்கே பள்ளியைக் கொண்டுசென்றவர் தாராபாய் மோடக் அம்மையார். குசராத்தில் கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றிய அவர், 1945இல் மராட்டியக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் சிற்றூருக்குச் சென்றார். பின்பு கோஸ்பாட் குன்றில் பழங்குடியினரிடையே பணி செய்தார். குழந்தைகள் பள்ளியைத் தேடி வாராமையின், அவர்கள் வாழும் இடத்திற்கே பள்ளி சென்றது. மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைக் காக்க வேண்டி வீட்டிலேயே நின்றுவிடுவதைக் கண்டு, குழந்தைக் காப்பகத்தையும் மழலையர் பள்ளியையும் தொடக்கப்பள்ளியையும் ஒருங்கே அமைத்தார். தம்பி ஒருபுறம் உறங்க, அக்காள் மறுபுறம் படித்தாள்.

இந்திய அரசினர் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் 1980இல் சிற்றூர்க் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து எடை காணும் ஊட்டச்சத்துத் திட்டம் எழுந்தது. 1982ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். காலத்தில் தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் நண்பகல் உணவு அளித்தது. இன்று மாநிலத்தில் 54,000 அங்கன்வாடி மையங்கள் வரையில் உள்ளன. எடை பார்த்தல், தடுப்பூசிக்கு நினைவூட்டல், கருவுற்ற தாய்க்குச் சத்துமாவு வழங்கல், கதையும் பாட்டும் விளையாட்டும் நடத்தல் ஆகிய இத்தனையும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இரு கைகளால் செய்வன. அவற்றைச் சோறு போடும் இடம் என்று மட்டும் கூறுவது அறியாமையாகும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண் தொழிலாளர் ஐம்பதின்மருக்கு மேற்பட்ட ஆலைகளில் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்குமாறு பணித்தது. 1976இல் அவ்வெண் முப்பதாகக் குறைந்தது. பத்துப் பெண்கள் பணி செய்யும் சிறு கூடத்திற்கு அவ்விதியால் பயனில்லை. அங்குக் குழந்தையை உடன் கொண்டுசெல்லவும் இயலாது. உலர்ந்த களிமண் தூளில் கலந்துள்ள நுண்துகள் நாளடைவில் நுரையீரலைக் கெடுப்பது. சூளையின் வெம்மையோ கூறவேண்டுவதில்லை. பாட்டி இருக்கும் இல்லத்தில் கவலையில்லை. பாட்டியும் கூலிக்குச் செல்லும் இல்லத்தில் எஞ்சியவள் யாவள்? உங்களைப் போன்ற ஒரு மாணவியே.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் எட்டாம் வகுப்பில் அத்தகைய மாணவி ஒருத்தி இருந்தாள். யாப்பில் நல்ல நாட்டமுடையவள்; அசை பிரிப்பதில் வகுப்பில் அவளுக்கு நிகர் இல்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். வரும் நாளிலும் இரண்டாம் மணி அடித்த பிறகே வருவாள். நான் பன்முறை கடிந்துகொண்டேன். ஒருநாள் கடைத்தெருவில், இடுப்பில் தம்பியோடு அவளைக் கண்டேன். அன்று எனக்கு நாணமாக இருந்தது. அடுத்த ஆண்டில் அவள் தெருவில் குழந்தைகள் மையம் ஒன்று திறந்தனர். அதன் பின்னர் அவள் முதல் மணிக்கு முன்பே வந்து, வாயிற்படியில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பாள். அவள் தாவணியில், தம்பிக்கு ஊட்டிய சோற்றின் பருக்கை ஒன்று சில நாள்களில் ஒட்டியிருக்கும்.