பைபோலார் வருமா என்பதை டெஸ்ட் சொல்லிவிடுமா?

குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய் இருந்தால் மற்றவர்கள் மனதில் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அத்தாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வருமோ? பெண் கேட்டு வந்தவர்களுக்குத் தெரிந்தால் நிக்காஹ் நின்றுவிடுமோ? இந்தப் பயத்தில்தான், "மூளைத்திறன் டெஸ்ட் எடுத்தால் முன்கூட்டியே தெரியுமாமே" என்று கேட்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்போம்.

பைபோலார் என்பது இருதுருவ மனநோய். சில நாட்கள் அளவுகடந்த உற்சாகம் இருக்கும். தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ச் செலவாகும். வேறொரு காலத்தில் எழுந்து குளிக்கக்கூட முடியாத சோர்வு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 10 பேருக்கு வரலாம். அதாவது 90 பேருக்கு மேல் வருவதில்லை.

டெஸ்டில் என்ன செய்வார்கள்? சில எண்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, மையின் நிறம் என்ன என்று கேட்பார்கள். நினைவாற்றல், கவனம், அவசரப்படாமல் நிதானிக்கும் திறன் ஆகியவற்றை இப்படி அளக்கிறார்கள். நோயாளிகள் குணமான பிறகும் இவற்றில் சற்றுப் பின்தங்குவதையும், நோயே வராத உடன்பிறந்தவர்களிடமும் அதன் சாயல் லேசாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸிலும், ஒன்றுக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான மனநோய் உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

ஆனால் இவை பலரைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த சராசரிகள். இரவு முழுக்கத் தூங்காதவருக்கும், ரத்தசோகை உள்ளவருக்கும், கவலையில் இருப்பவருக்கும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். ஸ்வீடனில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்து 2010ல் வெளியான ஆய்வில், பள்ளியில் மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் பைபோலார் அதிகமாக வந்தது தெரிந்தது. எனவே "உங்கள் பிள்ளைக்கு வரும்" என்றோ "வராது" என்றோ உறுதி சொல்லும் டெஸ்ட் இன்று இல்லை. அதை வைத்து ஒரு சம்பந்தத்தை முறிப்பது அநியாயம்.

டெஸ்டால் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டவோ எண்ணூர் ஆலைக்கோ திரும்புகிறவருக்கு மறதியும் கவனக்குறைவும் எவ்வளவு இருக்கிறது, எப்போது வேலையில் சேரலாம் என்று மருத்துவர் முடிவெடுக்க அது உதவும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியது தூக்கத்தைத்தான். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் பல நாட்கள் பரபரப்பாக இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம் கெடுவதே நோயைத் தூண்டும். எனவே குடும்பத்தில் இந்நோய் உள்ள இளைஞர்கள், நைட் ஷிஃப்ட் மாறி மாறி வரும் வேலையை ஏற்குமுன் யோசிக்க வேண்டும்.

லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் கூடி ஆபத்தாகும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

ராயபுரம், திருவொற்றியூர் மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததை நாம் மறக்கக் கூடாது. நோயை மறைத்து வைப்பதும், மருந்தைத் தள்ளிப்போடுவதும் நம் பிள்ளைகளுக்கு நாமே செய்யும் தீங்கு. துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.